மலையுச்சியும் மிதிவண்டியும்

திருச்செங்கோடு என்றதும் அர்த்தநாரீசுவரர் மலையும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் நினைவுக்கு வரும். சேலம் மாடர்ன் தியேட்டர்சை நிறுவிய டி. ஆர். சுந்தரம் 1907இல் பிறந்ததும் இவ்வூரிலேதான். இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர், திரும்பிவந்து நெய்ததோ திரைப்படங்களை! மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகியவை அவர் நிறுவனத்தின் படைப்புகளே.

திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1936இல் திரைப்படம் குறித்தே ஒரு சுற்றுமடல் விடுத்தார். தீய படங்களைக் கண்டித்த அம்மடல், நல்ல படங்களின் நன்மையையும் எடுத்துரைத்தது. நம் இல்லங்களில் கண்டனம் மட்டுமே நிலைத்துவிட்டது.

மாடர்ன் தியேட்டர்சின் ‘மந்திரிகுமாரி’யை (1950) எடுத்துக்கொள்வோம். குண்டலகேசிக் கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதியது. தமிழறியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கியது. கொள்ளையனான கணவன் மனைவி அமுதவல்லியை மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான், தள்ளிக் கொல்ல. கணவனை வலம்வர இசைவு பெறும் அவள், அவனையே தள்ளிவிடுகிறாள். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய இனிய பாடலைக் கொலைக்களத்திற்கே வழித்துணையாக்கிய துணிவை இன்றும் வியக்கலாம். அரங்கம் கைதட்டுகிறது. உயிர் தப்ப அவளுக்கு வேறு வழி இருந்ததா? படம் அதைக் கேட்பதில்லை, குடும்பம் கேட்கலாம்.

அதற்கு ஈராண்டு முன்னர், 1948இல், இத்தாலியில் விட்டோரியோ டி சிக்கா எடுத்த ‘மிதிவண்டித் திருடர்கள்’ வேறு வழி செல்கிறது. பிழைப்புக்குரிய மிதிவண்டியைப் பறிகொடுத்த ஏழைத் தந்தை, இறுதியில் தானே ஒன்றைத் திருடிப் பிடிபடுகிறார். உடைமையாளர் அழுதுநிற்கும் சிறுவனைக் காண்கிறார். புகார் வேண்டாமென விட்டுவிடுகிறார். தலைகுனிந்து நடக்கும் தந்தையின் கையை மகன் பற்றிக்கொள்கிறான். அவ்வளவே. திரைப்பட நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று.

கலையில் சுந்தரம் டி சிக்காவுக்கு நிகரல்லர். அவருடையது விறுவிறுப்பான கதைசொல்லியின் திறமை. ஆயினும் இரு படங்களையும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் பிள்ளைகளுடன் அமர்ந்து பாருங்கள். இரண்டாவதில் நம் படங்களைப் போன்ற பாட்டோ சண்டையோ இல்லை, மொழியும் இத்தாலியம். சிறுவர் முதல் அரைமணி நேரம் நெளிவார்கள். பெரியவர் ஒருவர் அருகிருந்து கதையைச் சொல்லிவந்தால், அச்சிறுவன் தந்தையுடன் உணவகத்தில் அமரும் காட்சிக்குள் அவர்களே நிமிர்ந்து உட்காருவார்கள்.