நாத்தங்கால் பார்க்க ஒரு நைட் டிரெயின்!

மேட்ச் பார்க்க டிக்கெட் வேணும். டிக்கெட்டுக்கு க்யூ வேணும். க்யூவில் நிற்க உடம்பில் தெம்பு வேணும். ஆனா பிராக்டீஸ் பார்க்க? ஒரு நாள் கேஷுவல் லீவு, போக ஒரு நைட் டிரெயின், வர ஒரு நைட் டிரெயின், நடுவில் கொஞ்சம் பொறுமை. தீர்ந்தது விஷயம்!

'பிராக்டீஸைப் போய் எவனாவது பார்ப்பானா?' என்று சிரிக்கும் சீனியர் கிளார்க்குகளுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் இது பெரிய திருவிழா சார்! பேஸ்பால் சீஸன் ஆரம்பிக்கும் முன்னே, பிப்ரவரி - மார்ச்சில், 30 டீம்களும் பாதிப் பாதியாகப் பிரிந்து ஃப்ளோரிடாவுக்கும் அரிஸோனாவுக்கும் கிளம்பிவிடும். பனிக்கு பயந்து வெயில் தேடிப் போகிற கூட்டம். பின்னாலேயே ரசிகர்களும் லீவு போட்டுவிட்டு காரை எடுத்துக்கொண்டு மைதானம் மைதானமாகச் சுற்றுவார்கள். ஃப்ளோரிடா கோஷ்டிக்குப் பேர் 'கிரேப்ஃப்ரூட் லீக்'. அரிஸோனா கோஷ்டிக்கு 'காக்டஸ் லீக்'. அதாவது, சப்பாத்திக்கள்ளி! அந்தப் பேருக்கே கூட்டம் வருகிறதென்றால் சேப்பாக்கத்துக்கு வராதா?

வந்தது. 2019 மார்ச் 17-ம் தேதி சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் தனக்குள்ளேயே ஆடிய பிராக்டீஸ் மேட்ச்சைப் பார்க்க சுமார் 12,000 பேர் திரண்டார்கள். எதிரி டீம் கிடையாது, கோப்பை கிடையாது, புள்ளி கிடையாது. தோனி மட்டையை எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். அதற்கே விசில் காதைக் கிழித்தது.

வரப்புதான் பவுண்டரி

தஞ்சாவூர்க்காரனுக்கு மார்ச் மாதம் ரொம்ப வசதி. சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்துவிடும். மேட்டூரில் தண்ணீரை மூடிவிடுவார்கள். உளுந்து, பயறு தெளிக்காத வயலாகப் பார்த்துப் பசங்கள் ஸ்டம்ப் ஊன்றிவிடுவார்கள். வரப்பு தாண்டினால் ஃபோர், வாய்க்கால் தாண்டினால் சிக்ஸர். உளுந்து வயலில் பந்து விழுந்தால் அவுட்... ஆட்டக்காரன் மட்டும் இல்லை, மொத்த டீமும்! வயல்காரர் கம்போடு வந்துவிடுவார்.

இப்படி வளர்ந்தவன் வேலைக்குப் போய் கையில் நாலு காசு பார்த்ததும் என்ன செய்வான்? 2013-ல் விட்ட உழவன் எக்ஸ்பிரஸ்ஸில் ராத்திரி ஏறிப் படுப்பான். சுமார் 350 கிலோமீட்டர். விடிந்தால் சென்னை. உழவன் பேரில் ஓடுகிற ரயிலில் உழவன் மகன் கிரிக்கெட் பார்க்கப் போகிறான். இதில் வீட்டுக்கு வீடு ஒரு பஞ்சாயத்து உண்டு.

'பந்து பார்க்கப் போறியா?'

பாபநாசம் பக்கம் ஒரு வீட்டில் 2018-ல் நடந்த உரையாடல் இது.

"எங்கடா கிளம்பிட்டே?"

"மெட்ராஸுக்குப்பா. மேட்ச் இருக்கு."

"தண்ணி வரலைன்னு ஊரே ரோட்டில உக்காந்திருக்கு. நீ பந்து பார்க்கப் போறியா?"

பையனிடம் பதில் இல்லை. அந்த வருஷம் பிப்ரவரி 16-ம் தேதி சுப்ரீம் கோர்ட் காவிரி தீர்ப்பைச் சொல்லியிருந்தது. நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த 192 டி.எம்.சி., 177.25 ஆகக் குறைந்தது. அதை நடைமுறைப்படுத்தும் அமைப்பை ஆறு வாரத்துக்குள் ஏற்படுத்தச் சொன்ன கெடு முடிந்தும் மத்திய அரசு அசையவில்லை. டெல்டா கொதித்தது. அதே நேரம், ரெண்டு வருஷத் தடை முடிந்து சி.எஸ்.கே. ஊருக்குத் திரும்பியிருந்தது. ஒரு கண்ணில் தண்ணீர், ஒரு கண்ணில் மஞ்சள் சட்டை!

ஏப்ரல் 10. அண்ணா சாலையில் மறியல், ஸ்டேடியத்தைச் சுற்றி போலீஸ், உள்ளே கொல்கத்தாவோடு மேட்ச். மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. கொல்கத்தா 202 ரன் எடுத்தும், ஒரு பந்து மிச்சம் வைத்து சென்னை ஜெயித்தது. ஆனால், அந்த வருஷம் சேப்பாக்கத்தில் நடந்தது அந்த ஒரே மேட்ச்தான். மீதி ஆறும் புனேக்குப் போய்விட்டன. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புனேக்கு 'விசில்போடு எக்ஸ்பிரஸ்' என்று தனி ரயிலே ஓடியது.

'கிரிக்கெட் வேணுமா, காவிரி வேணுமா?' என்று டீக்கடையில் அடித்துக்கொண்டார்கள். தஞ்சாவூர்க்காரனைக் கேட்டால், "ரெண்டும் வேணும் சார்" என்பான். மே 27-ம் தேதி சி.எஸ்.கே. கோப்பையை வாங்கியது. ஜூன் 1-ம் தேதி காவிரி மேலாண்மை ஆணையத்துக்கான அறிவிப்பு அரசிதழில் வந்தது. மேட்டூர் திறந்தது ஜூலை 19.

2020-ல் விதி இன்னொரு கூக்ளி போட்டது. எட்டு வருஷத்துக்குப் பிறகு, சரியாக ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறந்தது. குறுவைக்குத் தண்ணீர் ரெடி. ஆனால் கிரிக்கெட் இல்லை! மார்ச்சில் ரசிகர்களோடு ஆரம்பித்த சேப்பாக்கம் கேம்ப், கொரோனாவால் பாதியில் நின்றது. ஆகஸ்ட்டில் மறுபடி நடந்தபோது கேலரியில் ஒரு ஈ காக்கா கிடையாது. அந்த வருஷ ஐ.பி.எல். துபாய் பக்கம் போய்விட்டது.

என்ன பார்க்கலாம்?

நெட்டில் ஒரு அதிசயம் உண்டு. ஸ்டம்ப் பறந்தாலும் ஆட்டக்காரர் வெளியே போகமாட்டார். குச்சியை நட்டுவிட்டு அடுத்த பந்துக்கு நிற்பார். நம்ம ஆபீஸில் இந்த வசதி உண்டா? ஒரு தப்பு செய்தால் மெமோ!

டி.வி.யில் தெரியாத இன்னொன்றும் தெரியும். ஒரே ஷாட்டை ஒருத்தர் இருபது தடவை, முப்பது தடவை அடித்துப் பார்ப்பார். கோச் ஒருத்தர் நீளக் கரண்டி மாதிரி ஒரு குச்சியில் பந்தைச் செருகி வீசுவார். தோள் வலிக்காமல் வேகம் கிடைக்க அந்த ஏற்பாடு. மேட்ச்சில் ஒரு செகண்டில் முடிகிற சிக்ஸருக்குப் பின்னால் எத்தனை நாள் வேலை என்பது அங்கே உட்கார்ந்தால்தான் புரியும்.

முக்கியமாக, பேர் தெரியாத நெட் பௌலர்களைக் கவனியுங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன், டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர். 2020 கடைசியில் இந்திய டீமோடு ஆஸ்திரேலியா போக முதலில் நெட் பௌலராகத்தான் தேர்வானார். திரும்பி வரும்போது ஒரு நாள், டி-20, டெஸ்ட் மூன்றிலும் ஆடிவிட்டு வந்தார்! பிரிஸ்பேன் டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் மூணு விக்கெட் வேறு.

கிளம்பும் முன் ரெண்டு யோசனை. பிராக்டீஸுக்கு ஆட்களை விடுவது வருஷத்துக்கு வருஷம் மாறும், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பெரும்பாலும் சாயங்காலம்தான் நடக்கும் என்பதால், பகலில் மெரினா வெயிலில் காயாமல் சொந்தக்காரர் வீட்டில் ஒரு தூக்கம் போடுங்கள்.

பாபநாசத்துப் பையன் 2019-ல் பிராக்டீஸ் பார்க்கப் போய்வந்தான். "கப்பு இல்லை, பாயிண்ட் இல்லை... அப்புறம் எதுக்குடா அவ்ளோ தூரம்?" என்றார் அப்பா. நெட்டில் பார்த்ததையெல்லாம் விவரமாகச் சொன்னான். மனுஷர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நாத்தங்கால் மாதிரின்னு சொல்லு. நாத்து நல்லா இருந்தாத்தானே நடவு நிக்கும்!"

அடுத்த வருஷம் லீவு லெட்டரில் காரணம் எழுதும் கட்டத்தில் இதையே எழுதலாமா என்று பையன் யோசித்துக்கொண்டிருந்தான்.