ஒரே கேசட்டில் இரண்டு ரோபோக்கள்

கேம்பாய் கலர் என்ற கையடக்க வீடியோ கேம் கருவி, 1998. அதற்கான ‘மெகா மேன் எக்ஸ்ட்ரீம் 2’ ஆட்டம், கேப்காம், 2001.

நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கேசட், வீடியோ கேமும் கேசட்தான். இந்த ஆட்டத்தின் கேசட்டுக்குள் இரண்டு நாயகர்கள். நீல எக்ஸ் கைப்பீரங்கியால் தூர இருந்தே சுடுவான். சிவப்பு ஜீரோ ஒளிவாளோடு கிட்டே போய் வெட்டுவான். இருவரின் ஆட்டத்தையும் தனித்தனியே முடித்தால் மூன்றாவது ஒன்று திறக்கும். அதில் பாதி வழியிலேயே ஆளை மாற்றிக்கொள்ளலாம். எதிரிக்கு ஏற்ற ஆள் என்கிற கணக்கு அங்கேதான் சூடு பிடிக்கிறது.

சற்றுக் குனிந்து கேம்பாயின் திரையைப் பாருங்கள்: 160-க்கு 144 புள்ளிகள், பின்னொளி கிடையாது. வெளி வெளிச்சம்தான் கதி என்பதால், 1931 முதல் ஓடும் சென்னை பீச்–தாம்பரம் மின்ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தால் யோகம். மாம்பலத்தில் கூட்டம் ஏறி நிழல் விழுந்தால், எக்ஸ் எந்தப் பள்ளத்தில் விழுந்தான் என்றே தெரியாது.

பீச் ஸ்டேஷன் அருகே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் அமைந்தது பர்மா பஜார். இந்த மாதிரி வெளிநாட்டு எலெக்ட்ரானிக் சாமான் என்றால் தாம்பரம், பல்லாவரத்துக்காரர்கள் ரயிலேறிப் போன இடம் அது.

கேம்பாயின் பின்மூடிக்குள் இரண்டு பென்சில் பேட்டரி. சுவர்க் கடிகாரத்துக்கும் அதே அளவுதான். கடிகாரம் நின்றால் வீட்டில் முதல் சந்தேகம் யார்மேல் என்று சொல்ல வேண்டியதில்லை.