உப்புச் சுவரும் வாடகை வீடும்

மன்னார்ப் பட்டினத்தில் வாடகைக்கு வீடு தேடிச் செல்வோர் செவியில் விழும் வாசகம் ஒன்றுண்டு: "உள்ளுக்கு மட்டும் நீங்களே பெயின்ற் அடித்துக்கொள்ளுங்கள், வேறொன்றும் செய்யத் தேவையில்லை." கேட்பதற்கு எளிய நிபந்தனைதான். இடமாற்றம் பெற்று வந்த ஆசிரியரும், வங்கி எழுதுவினைஞரும், வைத்தியசாலைத் தாதியும் பெட்டி படுக்கையோடு நிற்கும் வேளையில் இதற்கு உடனே தலையசைத்துவிடுகின்றனர். அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்குள் எத்தனை ரூபா அடங்கியிருக்கின்றது என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால் என்ன?

சிறு குடும்பமொன்றுக்குப் போதுமான வீட்டுப் பகுதியை எடுத்துக்கொள்வோம். கூடம் 16 அடிக்கு 12 அடி. அறைகள் இரண்டும் 12 அடிக்கு 10 அடி. குசினி 10 அடிக்கு 8 அடி. சுவரின் உயரம் 10 அடி. தரையின் பரப்பு 512 சதுர அடிதான். ஆனால் சுவர்களைச் சுற்றி அளந்தால் நீளம் 180 அடி. பரப்பு 1,800 சதுர அடி. கதவு யன்னல்களுக்கென 200 கழித்தாலும் 1,600 சதுர அடி எஞ்சும். அதாவது தரையைப் போல மூன்று மடங்குக்கு மேல்! தரையைக் கண்ணால் அளந்து செலவை மதிப்பிடுவோர் எல்லாரும் ஏமாறுவது இங்கேதான். மாணவர்கள் தம் வீட்டு அறையை அளந்து இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சற்றுச் சொரசொரப்பான சுவரில் ஒரு லீற்றர் இமல்சன் பெயின்ற் ஒரு பூச்சுக்கு 100 சதுர அடி வரையில் செல்லும். இரண்டு பூச்சுக்கு 32 லீற்றர். அதற்கு முன் இடவேண்டிய அடிப்பூச்சுக்கு 16 லீற்றர். ஆக 48 லீற்றர். கணக்கு எளிதாகும் பொருட்டு லீற்றர் ஒன்று 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வாசகர் தம்மூர்க் கடைவிலையை அவ்விடத்தில் இட்டுக்கொள்க. பொருட்செலவு 48,000 ரூபா. இருவர் ஆறு நாள் உழைத்தால் முடியும் வேலை இது. ஆளுக்கு நாட்கூலி 3,500 ரூபா எனக் கொண்டால் 42,000 ரூபா. மொத்தம் 90,000. மாத வாடகை 20,000 ரூபா என்றால், இது நாலரை மாத வாடகை. இரண்டு ஆண்டுகளில் இடமாற்றம் வந்துவிடுமாயின் மாதந்தோறும் 3,750 ரூபா மேலதிகமாகக் கொடுத்ததற்குச் சமம். இருபதினாயிரம் என்று பேசி நுழைந்தவர் இருபத்து நாலாயிரத்துக்குக் கிட்டக் கொடுத்துக் குடியிருக்கிறார். வாடகைச் சிட்டையில் இது எங்கும் எழுதப்படுவதில்லை.

இவ்வளவோடு முடிந்தால் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். பூசிய வர்ணம் இரண்டு ஆண்டும் நிற்குமா என்பதுதான் மன்னாரில் கேட்கவேண்டிய கேள்வி. எம்மோடு பணியாற்றும் ஆசிரியர் ஒருவர், கடற்கரைக்கு அண்மையில் தாம் எடுத்த வீட்டின் கூடத்துக்கு இளம்பச்சை வர்ணம் பூசினார். எட்டாம் மாதம் முழங்கால் உயரத்தில் சுவர் கொப்புளித்தது. பத்தாம் மாதம் செதில் செதிலாக உரிந்தது. உரிந்த இடத்தில் வெண்மையான துகள். நாவில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். அவர் குறை கூறியது பெயின்றை. கடைக்காரர் குறை கூறியது பூசியவரை. பூசியவர் குறை கூறியது கடற்காற்றை. மூவரும் சுவரை மறந்துவிட்டனர்.

மன்னார்த் தீவு மணலாலான தீவு. அதன் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பானது. உவர்நீரில் குழைத்த சாந்தாலும் கழுவாத கடல்மணலாலும் கட்டிய சுவர் பிறக்கும்போதே உப்போடு பிறக்கின்றது. போதாதற்கு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நிலத்தின் ஈரம் அடிச்சுவரில் ஏறுகின்றது. ஏறும் ஈரம் தன்னோடு உப்பையும் சுமந்து செல்கின்றது. மே முதல் செப்தெம்பர் வரையில் வீசும் சோளகம் கடலின் நுண்டுளிகளைக் கொணர்ந்து வெளிச்சுவரில் அப்புகின்றது.

உப்பின் இயல்பு ஒன்றை இங்கே அறிந்துகொள்ளுதல் வேண்டும். காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்துக்கு மேற்சென்றால், கறியுப்புக் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே ஈர்த்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் பளிங்காகும். மாரிகாலத்தில் குசினி உப்புச்சாடி கசிவதை யார்தான் கண்டதில்லை? மன்னாரின் காற்று அந்த எல்லைக்கோட்டை அடிக்கடி தாண்டிச் செல்வது. இரவில் சுவருக்குள் உப்புக் கரையும். நண்பகல் வெயிலில் பளிங்காகும். பளிங்கு வளர்வதற்கு இடம் வேண்டுமல்லவா? சாந்தின் நுண்ணிய துளைகளை அது நெம்பித் திறக்கின்றது. வெளியே இமல்சன் பெயின்ற் மெல்லிய தோல்போல மூடிக்கிடப்பதால், நீர் எளிதில் ஆவியாக வழியில்லை. தோலுக்குப் பின்னே உப்புச் சேர்ந்து அதை வெளியே தள்ளுகின்றது. கொப்புளத்தின் மேல் இன்னொரு பூச்சு இட்டால் கொப்புளம் இரட்டிக்குமே தவிர மறையாது. ஆகவே இத்தகைய சுவரில் செலவாகவேண்டிய பணம் வர்ணத்துக்கு அன்று. உப்பேறிய சாந்தை ஈரத்தின் எல்லைக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடுத்து, நன்னீராலும் ஆற்றுமணலாலும் புதுச்சாந்து பூசுவதற்கு. அது மேசன் வேலை. வர்ணம் பூசுவோரின் வேலையன்று. மேல்மாடிப் பகுதியை வாடகைக்கு எடுப்போருக்கு இத்தொல்லை பெரிதும் இல்லை. நில ஈரம் அவ்வளவு உயரத்துக்கு ஏறாது. அங்கே கூரையொழுக்கைப் பார்த்துக்கொண்டால் போதும்.

பருவத்தையும் கவனிக்கவேண்டும். நம்மவர் வீட்டுக்கு வெள்ளையடிப்பது பண்டிகையை ஒட்டி. கத்தோலிக்கர் மிகுந்த மன்னாரில் நத்தாருக்கு முன் பெயின்ற் கடைகளில் நெருக்கம். நத்தார் முடிந்ததும் தைப்பொங்கலுக்கு இந்துக்கள் வருவர். ஆனால் மன்னாரின் மழையிற் பெரும்பங்கு ஒக்தோபர் முதல் தெசெம்பர் வரையில் வாடைக்காற்றோடு பெய்து முடிகின்றது. ஆண்டிலேயே சுவர் ஈரமாயிருக்கும் காலத்தைத் தேர்ந்தெடுத்து நாம் வர்ணம் பூசுகின்றோம்! மாசி மாதத்தில், திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரியை ஒட்டிய நாட்களில், மழை ஓய்ந்து சுவர் காய்ந்திருக்கும். சோளகத்தின் மணற்புழுதியும் இன்னும் தொடங்கியிராது. எம் கருத்தில் வெள்ளையடிப்பதற்கு உகந்த காலம் அதுவே. பழைய பழக்கம் இதற்கு இணங்குமா என்பது வேறு விடயம்.

வர்ணம் டின்னில் வருவதற்கு முன்னர் இக்கரையோரத்தார் எதைப் பூசினர்? மன்னாரிலிருந்து தெற்கே அரிப்புக்குச் சென்றால் விடை நிற்கின்றது. பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென 1801க்கும் 1804க்கும் இடையில் அங்கே ஒரு மாளிகை கட்டுவித்தார். கிரேக்கப் பாணித் தூண்களால் அது 'டொறிக்' எனப் பெயர் பெற்றது. செங்கல்லால் கட்டி, முத்துச்சிப்பிகளைச் சுட்ட சுண்ணாம்பால் பூசி மெருகிட்ட வீடு அது. முத்து ஐரோப்பாவுக்குச் சென்றது. சிப்பி சுவருக்கு வந்தது. கடல் கரையை அரித்து அரித்து வர, இன்று அது இடிந்த செங்கற் குவையாய்க் கடலைப் பார்த்து நிற்கின்றது.

சுண்ணாம்பின் கதை இரசாயனம் படிக்கும் மாணவருக்கு இனிக்கும். சிப்பியும் சுண்ணக்கல்லும் கல்சியம் காபனேற்று. ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் 100 கிலோவைச் சுட்டால், 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் பறந்து 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். நீர் விட்டு நீற்றிச் சுவரில் பூசியதும், பறந்துபோன அதே வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்று அது மறுபடியும் கல்லாகின்றது. எனினும் அது தோலாகப் படிவதில்லை. துளைகளுள்ள பூச்சாகவே நிற்கின்றது. சுவரின் ஈரம் அதனூடே வெளியேறும். உப்பும் வெளியே வந்து பூக்கும். துணியால் துடைத்துவிட்டு, அடுத்த ஆண்டு ஒரு பூச்சு இட்டால் முடிந்தது.

நாம் கணக்கிட்ட 1,600 சதுர அடிக்கு மூன்று பூச்சு இட ஏறத்தாழ 50 கிலோ நீற்றிய சுண்ணாம்பு போதும். ஒரு சீமெந்துப் பையின் நிறை. இதை 48 லீற்றர் பெயின்றின் விலையோடு ஒப்பிட்டுக் கடையில் விசாரித்தால் வேறுபாடு தெரியும். முதல்நாளே கரைத்து ஊறவைத்து, துணியில் வடித்துப் பால்போல நீர்ப்பாக்கி, சுவரைச் சற்று நனைத்தபின் பூசுதல் வேண்டும். பிடிப்புக்காக உப்புக் கரைப்போரும் உண்டு. மன்னாரில் வேண்டவே வேண்டா, உள்ள உப்பே போதும்! சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து. பிள்ளைகள் அருகே நிற்கலாகாது.

சுண்ணாம்பின் குறைகளையும் மறைத்தல் முறையன்று. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். பழைய இமல்சன் மேல் நில்லாது. உரித்தெடுக்கவேண்டும், அதற்குக் கூலி உண்டு. கூலி குறைவதில்லை, குறைவது பொருட்செலவு மட்டுமே. எனவே பெயின்ற் உறுதியாக நிற்கும் சுவரை அப்படியே விட்டு, உரிந்த சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பதே சிக்கனம். கடலிற் பவளக்கல் எடுத்துச் சுடுவது கடலோரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம் என்பதையும் நினைவிற் கொள்க.

டின்னிலுள்ள வெண்மை எங்கிருந்து வருகின்றது என்று பார்த்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தோன்றும். பெயின்றுக்கு வெண்மை தருவது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அதன் மூலப்பொருள் இல்மனைற்று என்னும் கருமணல். புல்மோட்டையில் அம்மணலை அகழ்வதற்கென 1957இல் அரச கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது; மன்னார்த் தீவின் மணலிலும் அது உண்டு. அதை அகழ நினைப்போருக்கு ஊர் மக்கள் எதிர்ப்பும் தெரிவித்துள்ளனர். கருமணல் கப்பலேறும், வெண்பொடி டொலர் விலையில் திரும்பி வரும். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, சுவரின் வெண்மையும் அதே வேகத்தில் விலையேறியது.

இனி, யார் பணம் கொடுப்பது? 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னார்க் கோட்டையைப் பறித்த ஒல்லாந்தர் 1795இல் பிரித்தானியரிடம் அதை இழந்தனர். கோட்டைச் சுவர் சிதைந்தது. அவர்கள் விட்டுச்சென்ற உரோம ஒல்லாந்தச் சட்டமோ இன்றும் இலங்கையின் பொதுச்சட்டமாய் நிற்கின்றது. அதன்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, வீட்டை வாழ்வதற்குத் தக்க நிலையில் ஒப்படைப்பதும் அந்நிலையிற் பேணுவதும் வீட்டுக்காரர் கடமை. குடியிருப்போர் தம் தவறால் நேர்ந்த சேதத்துக்குப் பொறுப்பாவர். நியாயமான பாவனையால் ஏற்படும் தேய்வுக்குப் பொறுப்பாகார். நிலத்திலிருந்து ஏறும் உப்பு எந்தக் குடியிருப்பாளரின் தவறு? ஆயினும், வீடு விடும் நாளில் "சுவர் பழுதாயிருக்கிறது" என்று முற்பணத்திற் கழிக்கும் வழக்கம் இருக்கின்றது. "உள்ளுக்கு நீங்களே" என்ற வாசகம் உடன்படிக்கையில் ஏறிவிட்டால், சட்டம் தரும் பாதுகாப்பும் கையைவிட்டு நழுவலாம்.

வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு குடித்தனமும் தத்தமக்குப் பிடித்த நிறத்தைப் பூசிவிட்டுப் போனால் அவர் என்ன செய்வார்? ஆகவே நாம் சொல்லும் பங்கீடு இது: சாந்தும் ஈரமும் கூரையொழுக்கும் உடையவர் செலவு, நிறம் குடியிருப்போர் செலவு. முற்பணம் கொடுப்பதற்கு முன் சதுர முழப் பொலித்தீன் தாளொன்றைச் சுவரின் அடிப்பகுதியில் நாற்புறமும் ஒட்டி ஒருநாள் விடுக. தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் உள்ளிருந்து வருகின்றது என்று பொருள். அதைப் படமெடுத்து, எந்தச் சுவர் எந்நிலையில் இருந்தது என்பதைத் திகதியோடு உடன்படிக்கையிற் சேர்த்து இருவரும் கையொப்பமிட்டால், போகும் நாளில் வாய்ச்சண்டைக்கு இடமிராது. பழைய கதவு யன்னல்களின் இனாமல் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி எழுப்புதல் சிறுபிள்ளைகளுக்கு நஞ்சு. நனைத்தே தேய்க்கவேண்டும்.

நாம் முன்னே கூறிய ஆசிரியர் தம் வீட்டுக்காரரோடு பேசிப் பார்த்தார். முதலில் முகம் சுளித்தாலும், மேசனை அழைத்துச் சுவரைத் தட்டிக் காட்டிய பின்னர் அவர் இணங்கினார். கொத்திப் பூசும் செலவு அவருடையது, சுண்ணாம்பும் கூலியும் ஆசிரியருடையது. காலத்தைப் பற்றித்தான் இருவருக்கும் இழுபறி. அயலார் என்ன நினைப்பார்கள் என்று வீட்டுக்காரர் நத்தாருக்கு முன் முடிக்கச் சொன்னார். ஈரச் சுவரில் கைவைக்க மேசன் மறுத்துவிட்டார். கடைசியில் முன்விறாந்தைக்கு மட்டும் நத்தாருக்கு வெள்ளை ஏறியது. கூடமும் அறைகளும் மாசிக்காகக் காத்திருக்கின்றன.