அண்ணாமலைச் சரிவில் எத்தனை கன்று பிழைத்தது?

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், அண்ணாமலையின் மேல்சரிவில் இரவு நேரத்தில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊர்வதைத் திருவண்ணாமலைக்காரர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். காற்று வாகாக அடித்தால் அது விடிவதற்குள் சரிவு முழுக்கப் பரவிவிடும். காலையில் மலை கருத்துக் கிடக்கும். எரிந்தது பெரும்பாலும் மரமல்ல, புல். கசக்கினால் எலுமிச்சை வாசனை வீசும் புல். ஐப்பசி மழையில் மலையைப் பச்சையாகப் போர்த்தும் அதே புல், தை கழிந்தால் காய்ந்து நிற்கும். இலையில் எண்ணெய் இருப்பதால், பற்றிய மாத்திரத்தில் சீறிக்கொண்டு எரியும்.

2,668 அடி உயரமுள்ள இந்த மலையில் மரம் வளர்க்கும் வேலை 1980களின் இறுதியிலிருந்து நடக்கிறது. முதலில் அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கம் தொடங்கியது. பின்னர் 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அமைப்பு வனத்துறையோடு சேர்ந்து தொடர்ந்தது. ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை விரூபாட்சிக் குகையிலும், பிறகு 1922 வரை கந்தாசிரமத்திலும் இருந்தார். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் மலை பாறையும் புல்லுமாகத்தான் தெரிகிறது. இன்று கந்தாசிரமத்துக்கு ஏறும் பாதையில் வெயில் தெரியாமல் நடக்க முடிகிறது. இந்த நிழல் எப்படி வந்தது, மேல்சரிவுக்கு அது ஏன் இன்னும் ஏறவில்லை என்ற கேள்விகளுக்குக் கடந்த சில ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் தெளிவான பதில்களைத் தருகின்றன. அந்தப் பதில்கள் மரம் நடும் விழாக்களுக்கு அவ்வளவு சாதகமாக இல்லை.

முதலில் கன்றுகளின் கணக்கு. வெப்பமண்டல ஆசியாவில் காடுகளை மீட்க நடந்த முயற்சிகளை, 176 இடங்களிலிருந்து திரட்டிய தகவல்களோடு ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு 2023இல் அலசியது. நட்ட கன்றுகளில் சராசரியாக 18 சதவீதம் முதல் ஆண்டிலேயே பட்டுப்போயின. ஐந்தாண்டில் அது 44 சதவீதமாக ஏறியது. இது சராசரிதான், சில இடங்களில் பெரும்பாலான கன்றுகள் பிழைத்தன, சில இடங்களில் ஏறத்தாழ எல்லாமே செத்தன. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடியபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ஏற்கெனவே வளர்ந்த மரங்கள் கொஞ்சமாவது நிற்கும் இடத்தில் கன்றுகள் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடுதல். நிழல், ஈரம், உதிரும் சருகு எல்லாம் பெரிய மரம் கொடுப்பவை. வெட்டவெளியில் நின்ற கன்றுக்கு அவை எதுவும் இல்லை.

இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தைப் பற்றிய ஆய்வு இதைவிடக் கடுமையானது. அங்கே பல பத்தாண்டுகளாக அரசு செலவில் மரம் நட்டு வந்தார்கள். எரிக் கோல்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களையும் நடவுப் பதிவுகளையும் ஒப்பிட்டு, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். அத்தனை நடவுக்குப் பிறகும் அடர்ந்த மரப்பரப்பு கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. விறகுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் கிராமத்தார் விரும்பிய அகன்ற இலை மரங்களின் பங்கும் குறைந்திருந்தது. நட்டதற்குக் கணக்கு இருந்தது, பிழைத்ததற்குக் கணக்கு இல்லை. தமிழ்நாட்டிலும் ஒவ்வொரு சுற்றுச்சூழல் தினத்திலும் இத்தனை லட்சம் கன்று நடப்பட்டது என்று செய்தி வருகிறது. ஐந்தாண்டு கழித்து அதே குழிகளை யாராவது போய்ப் பார்த்தார்கள் என்ற செய்தி வருவதில்லை. இந்த வழக்கம் மாற வேண்டும்.

அண்ணாமலையில் கன்றுக்கு முதல் எதிரி தீ. எரிந்த புல்லின் தூரை ஒரு வாரம் கழித்துக் குனிந்து பார்த்தால் காரணம் புரியும். மேலே கரிக்கட்டையாக முள்முள்ளாக நிற்கும் அடித்தண்டுகள். அவற்றுக்கு நடுவே, மழையே இல்லாமல், வெளிர்பச்சை நிறத்தில் புதுக் குருத்து. புல்லின் வளரும் முனை மண்ணோடு ஒட்டி, பழைய இலையுறைகளுக்குள் பத்திரமாக இருப்பதால் தீ மேலே ஓடிவிடுகிறது, உயிர் கீழே தப்பிக்கிறது. பக்கத்தில் இருக்கும் முழங்கால் உயரக் கன்றின் வளரும் முனையோ தீநாக்குக்கு நேரே நிற்கிறது. ஒரு தீயில் அதன் மூன்று வருட வளர்ச்சி போய்விடும். அடுத்த பருவத்தில் புல் முன்பைவிடத் தாராளமாக வளரும். அடுத்த கோடையில் எரிய இன்னும் அதிகத் தீனி இருக்கும். புல் தீயை வளர்க்கிறது, தீ புல்லை வளர்க்கிறது.

இந்தச் சுழற்சி எவ்வளவு வலுவானது என்பதை உலக அளவில் காட்டிய ஆய்வுகள் உண்டு. பின்னாளில் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சேர்ந்த மகேஷ் சங்கரன் 2005இல் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஆப்பிரிக்காவில் 854 இடங்களின் தகவல்களை ஆராய்ந்தார். ஆண்டு மழை 650 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், எவ்வளவு மரம் நிற்கலாம் என்பதைத் தண்ணீரே தீர்மானிக்கிறது. அதற்கு மேல் மழை பெய்யும் இடத்தில், மரம் மூடிக் காடாகிவிடாமல் தடுப்பது தீயும் மேய்ச்சலும். 2011இல் கார்லா ஸ்டேவரும் அவருடைய சகாக்களும் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஒரே மழை பெய்யும் இரண்டு இடங்களில் ஒன்று காடாகவும் இன்னொன்று புல்வெளியாகவும் நிலைத்துவிடலாம், தீ வந்துகொண்டே இருக்கிறதா இல்லையா என்பதே வித்தியாசம். மரக்கவிப்பு ஏறத்தாழ 40 சதவீதத்தைத் தாண்டினால் நிழலில் புல் மெலிந்து தீ ஓட வழியில்லாமல் போகிறது. அதற்குக் கீழே இருக்கும் வரை தீ ஓடிக்கொண்டே இருக்கும்.

திருவண்ணாமலையில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆப்பிரிக்கக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது, ஆனால் திசை தெரிகிறது. மலையில் மரம் இல்லாததற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. மழையில்லாத மாதங்களில் பற்றும் தீக்கு மனிதர்களே காரணம்: அணைக்காமல் வீசிய பீடி, பாறையில் ஏற்றிய கற்பூரம், வேண்டுமென்றே வைத்த நெருப்பு. அதனால்தான் இங்கே அனுபவப்பட்டவர்கள், கன்று நடும் வேலைக்குச் சமமாகத் தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலையை மதிக்கிறார்கள். புல்லை அகலமான பட்டையாக அறுத்து அப்புறப்படுத்தினால் ஓடி வரும் தீ அங்கே தீனியில்லாமல் நின்றுவிடும். தீ வந்துவிட்டால், பச்சைத் தழைக்கொத்தை ஒடித்து அடித்தே அணைக்க வேண்டும். தண்ணீரை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோக முடியாது.

ஆனால் ஒரு முக்கியமான மறுப்பையும் கேட்டாக வேண்டும். புல்வெளி என்றாலே அது அழிந்த காடுதானா?

2019 ஜூலையில், உலகில் இன்னும் சுமார் 90 கோடி ஹெக்டேரில் மரம் வளர்க்கலாம், அது 20,500 கோடி டன் கார்பனை ஈர்க்கும் என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டபோது உலகமே அதைப் பேசியது. அடுத்த சில மாதங்களில், அந்தக் கணக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகை என்று ஜோசப் வெல்ட்மன் தலைமையில் பல நாட்டு அறிஞர்கள் மறுத்தார்கள். மூலக் கணக்கில் பழமையான புல்வெளிகளும் மரம் நடத்தக்க நிலமாகச் சேர்க்கப்பட்டிருந்தன என்பது அவர்களுடைய முக்கியமான குற்றச்சாட்டு. இந்தியாவிலும் இதே கருத்தை ஜெயஸ்ரீ ரத்னம் உள்ளிட்டோர் 2011 முதல் சொல்லி வருகிறார்கள். நாம் வறண்ட காடு என்று பெயர் வைத்திருக்கும் பல நிலங்கள் உண்மையில் புல்லும் மரமும் கலந்த சவானாக்கள். அங்கே வெயிலை நம்பி வாழும் செடிகளும் பறவைகளும் உண்டு. நெருக்கமாக மரம் நட்டால் அவை அழியும் என்பது அவர்கள் வாதம்.

அப்படியானால் ஒரு மலை முன்பு எப்படி இருந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு அழகான ஒரு வழியை ஆஷிஷ் நெர்லேகரும் திக்விஜய் பாட்டீலும் 2025இல் காட்டினார்கள். மேற்கு மகாராஷ்டிரத்தைப் பற்றிய பழைய மராத்திப் பாடல்கள், கதைகள், தல வரலாறுகளில் வரும் செடிகொடிகளை அவர்கள் தேடித் தொகுத்தார்கள். கிடைத்த 44 இனங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சவானாவுக்கு உரியவை. அந்த நிலம் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகத் திறந்த வெளியாகவே இருந்திருக்கிறது, காடு அழிந்து வந்ததல்ல என்பது அவர்கள் முடிவு.

இதே வேலையை அண்ணாமலைக்குச் செய்ய நம்மிடம் இன்னும் பழைய சான்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய அண்ணாமலைப் பதிகங்களில் அருவி வருகிறது, மாங்கனி தின்னும் ஆண்குரங்கு வருகிறது, மயில் வருகிறது, மூங்கில் வருகிறது, காட்டெருதாகிய ஆமா பிணையோடு வருகிறது. குரங்கும் மயிலும் இன்றும் கிரிவலப் பாதையில் கண்ணில் படும். காட்டெருது இன்று இங்கே இல்லை. மலையைப் பாடும்போது அருவியையும் மயிலையும் சேர்ப்பது பழைய கவிமரபு என்பதால் எல்லாவற்றையும் அப்படியே சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். மாவும் மூங்கிலும் ஈரம் கேட்பவை; ஆமா புல் மேய்வது. ஓடை இறங்கும் மடுக்களில் மரமும், மேலே பாறைச் சரிவில் புல்லுமாக மலை இரண்டும் கலந்தே இருந்திருக்கலாம். தேவாரத் தலங்கள் அத்தனையையும் இந்தக் கண்ணோடு படிக்கத் தாவரவியலும் தமிழும் தெரிந்த ஓர் ஆய்வுக் குழு முன்வர வேண்டும்.

எந்த மரத்தை நடுவது என்ற கேள்விக்கு விடை பக்கத்து மாவட்டங்களின் கோயில் காடுகளில் இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ந. பார்த்தசாரதி சோழமண்டலக் கரையோரக் கோயில் காடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். காசான், வீரை, உலக்கைப்பாலை போன்ற மரங்கள் மிகுந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சங்கள் அவை. மெதுவாக வளரும், உயரமாகப் போகாது, படத்தில் எடுப்பாகத் தெரியாது. ஆனால் நான்கு மாத வறட்சியைப் பச்சை இலையோடு கடக்கும். அவற்றின் கனிகளைப் பறவைகள் தின்னும். கொண்டைக்குருவியும் குயிலும் தின்ற கனியின் விதை எச்சத்தோடு வேறோர் இடத்தில் விழுகிறது. பறவைகளும் பாலூட்டிகளும் அருகியதால், மாறும் தட்பவெப்பத்துக்கு ஏற்ப இடம்பெயரும் தாவரங்களின் திறன் உலக அளவில் 60 சதவீதம் குறைந்துவிட்டது என்று இவான் ஃபிரிக்கேயும் சகாக்களும் 2022இல் கணக்கிட்டார்கள். அடிவாரத்தில் பழமரம் ஒன்று பிழைத்தால், நட யாரும் ஏறாத பாறை இடுக்குக்கும் விதை போகிறது.

2024 டிசம்பர் 1 மாலைக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கு வேறொரு கனம் வந்துவிட்டது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் நகராமல் நின்று கொட்டியது; பக்கத்து மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அண்ணாமலை அடிவாரத்தில் வ.உ.சி. நகர் வீடுகள் மீது மண்ணும் பாறையும் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13 மகாதீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

மரம் இருந்திருந்தால் சரிந்திருக்காது என்று அப்போது பலர் சொன்னார்கள். பாதி உண்மை அது. வேர்கள் மண்ணின் மேல் ஓரிரு மீட்டரைத்தான் கட்டிப் பிடிக்கும். மரத்தை வெட்டிய பிறகு, வேர் உள்ளே மக்க மக்க, மூன்று முதல் பதினைந்து ஆண்டுக்குள் சரிவு ஆபத்து உச்சத்துக்குப் போகும் என்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அளந்திருக்கிறார்கள். ஆனால் பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே மழைநீர் புகுந்து அழுத்தம் ஏறும்போது, நகரும் பெரும்பாறையை எந்த வேரும் நிறுத்தாது. 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவின்போது பெய்த மழை, புவி வெப்பமானதால் சுமார் 10 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று உலகத் தட்பவெப்பக் காரண ஆய்வுக் குழு மதிப்பிட்டது. அப்படிப்பட்ட மழை அடிக்கடி வரப்போகும் காலத்தில், சரிவின் கீழே புது வீடு கட்ட அனுமதிப்பதை எத்தனை கன்று நட்டும் ஈடுகட்ட முடியாது. அடிவாரத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வேறு இடம் வாங்க வழியில்லாதவர்கள். அவர்களுக்கு மாற்றிடம் தருவதும் மலையைக் காக்கும் வேலையின் ஒரு பகுதி.

மலையில் செய்ய வேண்டியது இடத்துக்கு இடம் மாறும். ஓடை மடுக்களிலும் ஏற்கெனவே மரம் நிற்கும் அடிவாரத்திலும் நடவு பலன் தரும்; அங்கிருந்து நிழலை ஆண்டுக்குக் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டு போகலாம். ஒரு சாண் மண்கூட இல்லாத உச்சிப் பாறைகளில் குழி தோண்டுவது இருக்கும் மண்ணையும் மழையில் கரைத்துவிடும். அங்கே புல்லைப் புல்லாகவே விட்டுவிட்டு, தீயை மட்டும் தடுத்தால் போதும். அறுத்த கோட்டில் ஒரே மழைக்காலத்தில் புல் மறுபடி மூடிவிடுவதால், மார்கழியும் தையும் வரும்போதெல்லாம் அரிவாளோடு அதே சரிவில் ஆட்கள் ஏற வேண்டியிருக்கிறது. அந்தக் கூலிக்குத்தான் பணம் கிடைப்பது கடினம். கன்று வாங்க எப்போதும் கிடைக்கிறது.