உங்களுக்குத் தெரியுமா? – அடிக்கோடு செய்யும் அனர்த்தம்

அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் பிறந்து, 2014-ஆம் ஆண்டு அப்பாச்சி அறக்கட்டளையின் வசம் ஒப்படைக்கப்பட்ட நைஃபை என்னும் தரவோட்ட மென்பொருளில், தரவோடு ஒட்டிச் செல்லும் பண்புகளுக்கு எப்பெயரை வேண்டுமானாலும், இடைவெளி விட்டோ தமிழெழுத்திலோகூடச் சூட்டலாம். ஆயின் அப்பண்பையே எச்.டி.டி.பி. கோரிக்கையின் தலைப்பாக அனுப்ப முற்படும் க்ஷணத்தில் அந்தச் சுதந்திரம் முடிந்துவிடுகிறது. ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், 15 குறியீடுகள் ஆகியவற்றைத் தவிர வேறெதையும், 2022-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9110 என்னும் பிரமாணம் தலைப்புப் பெயரில் அனுமதிப்பதில்லை. ‘வாடிக்கையாளர் எண்’ என்ற பண்பு இவ்விதிப்படி இருமுறை குற்றவாளி: எழுத்தும் அந்நியம், நடுவில் இடைவெளி வேறு!

விசித்திரம் யாதெனில், அடிக்கோடு சாஸ்திரப்படி குற்றமற்றதேயாயினும், என்ஜின்எக்ஸ் சேவையகம், நாம் வேறாகக் கட்டளையிட்டாலன்றி, அடிக்கோடுள்ள தலைப்பை அனுப்பியவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டுவிடும். காரணம் பழையது. சி.ஜி.ஐ. முறையானது தலைப்புப் பெயர்களைச் சூழல் மாறிகளாக்கும்போது இடைக்கோடுகளையெல்லாம் அடிக்கோடுகளாக்குவதால், ‘எக்ஸ்-யூசர்’ என்பதும் ‘எக்ஸ்_யூசர்’ என்பதும் உள்ளே ஒரே பெயராகிவிட, முன்னதை மட்டும் பரிசோதிக்கும் வாயிற்காவலை ஏய்த்துப் பின்னது உள்ளே பிரவேசித்துவிடக்கூடும். பெயருக்கும் அதையடுத்த முக்காற்புள்ளிக்கும் நடுவே ஓர் இடைவெளி தென்பட்டாலோ, தாட்சண்யமின்றி 400 என்ற நிராகரிப்பு எண்ணையே சேவையகம் திருப்பவேண்டும்.

தரவோட்டத்தை அமைப்பவர்கள், அனுப்பும் கட்டத்துக்கு முன்பாகவே பண்பின் பெயரை இடைக்கோடிட்ட ஆங்கிலப் பெயராக மாற்றிவிடுவது உத்தமம்.