சமவெளியிலும் பழகலாம் பாறையேற்றம்

நெய்வேலியில் மலை இல்லை. சுரங்கத்திலிருந்து வெட்டிக் குவித்த மண்மேடுகளே தொலைவிலிருந்து மலைபோலத் தோன்றுகின்றன. அவை சரியும் மண், ஏறத் தக்கவை அல்ல. ஆயினும், டோக்கியோ ஒலிம்பிக்கில் பாறையேற்றம் முதன்முறையாக இடம்பெற்ற பிறகு, இந்நகரியத்து மாணவர்கள் சிலரையும் அந்த ஆர்வம் பற்றியிருக்கிறது. காணொலிகளைப் பார்த்துவிட்டு செஞ்சிப் பக்கம் கிளம்பிவிடலாம் என நினைக்கிறார்கள். செஞ்சிக் கோட்டைக் குன்றுகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை; பயிற்சிக்களம் அல்ல. அதைவிட முக்கியமானது, பாறைக்குச் செல்லும் முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது என்பது.

பாறையேற்றம் கைவலிமையைச் சார்ந்தது என்பது தொடக்கநிலையினரின் பொதுவான எண்ணம். உண்மையில் உடலின் எடையைத் தாங்க வேண்டியவை கால்களே. மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவதும், ஒற்றைக் காலில் மெல்ல அமர்ந்து எழுவதும் எளிய தொடக்கப் பயிற்சிகள். இடுப்பும் வயிற்றுத் தசைகளும் உறுதிபெற்றால் உடல் பாறையை ஒட்டி நிற்கும். கைகளின் சுமை குறையும்.

விரல்களைப் பொருத்தவரை பொறுமை மிகவும் தேவை. தசைகள் சில வாரங்களிலேயே வலுப்பெறுகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கோ பல மாதங்கள் தேவை. 'வலிமை வந்துவிட்டது' என்று தசை சொல்வதைத் தசைநாண் நம்பிவிடும்போதுதான் காயம் நேர்கிறது. வளரும் பருவத்துச் சிறுவர்களின் விரலெலும்பில் வளர்ச்சித்தட்டு இன்னும் இறுகியிருக்காது என்பதால், அவர்கள் விரல்நுனியில் தொங்கும் கடும் பயிற்சிகளைத் தவிர்ப்பதே நல்லது. குறைந்துசெல் விளைவு விதியைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று கூறலாம்: ஓய்வின்றிக் கூட்டப்படும் பயிற்சி, ஓர் எல்லைக்குப் பின் இழப்பையே தரும்.

இனி மனம். அச்சம் வந்தவுடன் கை பிடியை இறுக்குகிறது. முன்கையில் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் சோர்கின்றன. எதற்கு அஞ்சினோமோ அதுவே நிகழ்கிறது. ஆகவே, நீண்ட மூச்சை வெளியேற்றி, ஒரு கையைத் தொங்கவிட்டு உதறித் தளர்த்தும் பழக்கத்தைத் தரையிலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பயிற்றுநரின் மேற்பார்வையில், கயிற்றின் துணையோடு வேண்டுமென்றே சிறிது சிறிதாக விழுந்து பழகுவதும் பயிற்சியின் பகுதியே.

அச்சமின்மையும் ஆபத்தானதுதான். உலகின் தலைசிறந்த பாறையேறிகளுள் ஒருவரான அமெரிக்காவின் லின் ஹில், 1989இல் பிரான்ஸில் கவனச்சிதறலால் கயிற்று முடிச்சை முழுமையாகப் போடாமல் ஏறி, சுமார் 70 அடி உயரத்திலிருந்து விழுந்தார். மரக்கிளைகள் தடுத்ததால் உயிர்பிழைத்தார். ஏறுபவரும் கீழே கயிறு பிடிப்பவரும் ஒவ்வொரு முறையும் ஒருவர் முடிச்சை மற்றவர் சரிபார்ப்பது சடங்கல்ல.

முறையான பயிற்சிக்கு 1954இல் டார்ஜிலிங்கில் தொடங்கப்பட்ட இமயமலை மலையேற்ற நிறுவனமும், 1965இல் உத்தரகாசியில் அமைந்த நேரு மலையேற்ற நிறுவனமும் உள்ளன. நெய்வேலி மாணவனுக்கு இரண்டும் வெகுதொலைவு. பரந்த திடல்களைக் கொண்ட நகரியத்தில் செயற்கைச் சுவர் ஒன்றும் தகுதிபெற்ற பயிற்றுநர் ஒருவரும் கிடைக்கச் செய்வது, என்எல்சி நிறுவனத்துக்கு இயலாத செலவாகத் தோன்றவில்லை.