வெந்நீருக்குக் காற்றின் வெப்பம்: உங்கள் வீட்டுக்கு ஏற்றதா?

குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ கை வைத்துப் பாருங்கள்; வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே குளிரும் பெட்டி வெளியே ஏன் சுடுகிறது? உள்ளிருந்த வெப்பம் அழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. இதே உத்தியைக் கொண்டு தண்ணீரைச் சூடாக்குவதுதான் 'ஹைப்ரிட்' வாட்டர் ஹீட்டர்.

எங்கள் தெரேஸ் வீட்டில் ஆறு பேர். மூட்டுவலி உள்ள அப்பாவுக்கு இரவில் வெந்நீர்க் குளியல் கட்டாயம். கூரைக்கு அடியில் இருந்த பழைய சுடுநீர்த் தொட்டி துருப்பிடித்து ஒழுகத் தொடங்கியபோது, அதே வகையை வாங்குவதா, மாறுவதா என்ற கேள்வி எழுந்தது. வகுப்பில் கற்பிக்கும் கணக்கையே வீட்டிலும் போட்டுப் பார்த்தேன்.

ஒரு கிலோ தண்ணீரின் வெப்பத்தை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 4.2 கிலோஜூல் ஆற்றல் தேவை. எங்களுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் வெந்நீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். குழாய்த் தண்ணீர் 27 டிகிரி. அதை 55 டிகிரிக்குக் கொண்டுவர 17,640 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல். ஆக, 4.9 யூனிட். பழைய தொட்டியில் இருக்கும் கம்பிச்சுருள் இதை முழுவதும் மின்சாரத்திலிருந்தே எடுக்கும்.

ஹைப்ரிட் ஹீட்டரின் தலைப்பகுதியில் ஒரு விசிறியும் கம்ப்ரஸரும் இருக்கின்றன. விசிறி இழுக்கும் காற்றின் வெப்பத்தை வாங்கி, குழாய்க்குள் ஓடும் குளிர்பதனத் திரவம் ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதுபோல, அழுத்தப்பட்ட ஆவியும் சூடேறி, தொட்டித் தண்ணீருக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. ஒரு யூனிட் மின்சாரம், காற்றிலிருந்து இரண்டு யூனிட் வெப்பத்தை இழுத்துவந்தால், தண்ணீருக்குக் கிடைப்பது மூன்று. ஆற்றல் அழிவின்மை விதி மீறப்படவில்லை. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் இந்தத் திறன் குறையும். ஆண்டு முழுதும் வெக்கையும் ஈரமும் நிறைந்த நம் காற்றோ இதற்கு மிகப் பொருத்தம்.

அப்படியானால் 4.9 யூனிட் வேலைக்குச் சுமார் 1.6 யூனிட் போதும். மாதத்தில் ஏறக்குறைய 100 யூனிட் மிச்சம். மாறினோம்.

ஆனால் முதல் மாதக் கட்டணம் குறையவே இல்லை! பிறகுதான் கவனித்தேன்: பொருத்தியவர் கருவியை 'மின்சாரம் மட்டும்' என்ற நிலையில் விட்டுச் சென்றிருந்தார். ஹைப்ரிட் என்றால் கலப்பு. காற்றின் வெப்பத்தை எடுக்கும் பகுதி மெதுவாகவே வேலை செய்யும். தொட்டி நிறையச் சூடாக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். அவசரத்துக்கு உதவவே உள்ளே பழையபடி ஒரு கம்பிச்சுருளும் இருக்கிறது. அதை மட்டும் ஓடவிட்டால், விலை கூடிய பழைய தொட்டிதான் அது.

வாங்கும் முன் இடத்தைப் பாருங்கள். 200 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. கூரைக்கு அடியில் வைக்கக்கூடாது, உறுதியான தரை வேண்டும். காற்றோட்டமில்லாத சாமான் அறையில் வைத்தால், தான் குளிர்வித்த காற்றையே மீண்டும் இழுத்துத் திணறும். காற்றின் ஈரம் நீராகச் சொட்டும். அதற்கு வடிகால் வேண்டும். விசிறிச் சத்தம் படுக்கையறைக்குக் கேட்கக்கூடாது. மிச்சம் பிடிப்பதற்காக நீரை வெதுவெதுப்பாகவே வைத்திருக்கவும் வேண்டாம். அதில் 'லெஜியோனெல்லா' கிருமி வளரலாம். தொட்டி நீரை அவ்வப்போது 60 டிகிரிக்குச் சூடாக்கும் வசதி உள்ளதா என்று கேளுங்கள்.

குளியலறைச் சுவரில் மாட்டிய சிறிய உடனடி ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு என் கணக்கு வேறு. 3.6 கிலோவாட் ஹீட்டரில் ஒருவர் ஐந்து நிமிடம் குளித்தால் 0.3 யூனிட், நால்வருக்கு 1.2 யூனிட். அதில் மிச்சம் பிடிக்கப் பெரிய தொட்டி வாங்கினால், போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். அவர்கள் மாறத் தேவையில்லை.

கடைக்குப் போகும் முன், வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வெந்நீர் செலவாகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். எதை வாங்குவது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.